சும்மா வாசிக்கிறவள்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், தலத்தெருவில் கீபோர்டு கிளாஸ் எடுக்கிறேன் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஜாஸ் பியானோ வாசிப்பவள் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அது சர்ச்சில் வாசிப்பதா, சினிமாவில் வருமா என்று போகும். முன்பெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வேன். எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பதில்லை, ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த மெட்டுக்கு அடியில் ஓடுகிற கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டங்களின் மேல், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பது என்பேன். "கச்சேரியில கற்பனை ஸ்வரம் பாடுவாங்களே, அது மாதிரிங்களா?" என்பார்கள். ஆமாம் என்பேன். முழுக்க ஆமாம் இல்லை. ஆனால் ஆமாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அறுபத்து மூன்று வயதில், ஒரு பேச்சு சீக்கிரம் முடிவதே பெரிய சுகமாக இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இசைகூட இல்லை, ஒரு சொல். நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற, இன்னதுதான் பொருள் என்று யாரும் நின்று யோசிக்காத சொல். சும்மா. அந்தச் சொல்லை நான் பழக்கிவிட்ட விதத்தால் போன ஜூனில் ஒருத்திக்கு வேலை போயிற்று. அவளிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில். அங்கே கூடத்தில் ஒரு பழைய பியானோ கிடந்தது. மழைக்காலத்தில் அதன் கட்டைகள் ஊறிப்போய், அழுத்தினால் அப்படியே படுத்துக்கொள்ளும். வாசித்துக்கொண்டே இடது கையால் அவற்றைத் தூக்கிவிட வேண்டும். பிரார்த்தனைப் பாட்டுக்குத் துணை வாசிக்க ஆள் வேண்டும் என்று ஒரு சிஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் பியானோ ஏது? படிக்கிற மேசையின் விளிம்பில் விரலால் தட்டித் தட்டிப் பழகுவேன். அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும். "ஏன்டி சும்மா தட்டிக்கிட்டே இருக்க? சும்மா இருக்க மாட்டியா?" ஒரே மூச்சில் இரண்டு சும்மா. முதலாவதற்கு வீணாக என்று பொருள், இரண்டாவதற்கு அடங்கி உட்கார் என்று பொருள். அந்த வயதில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் எரிச்சல் வந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர்களை, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பையனுக்கு இருபத்தொரு வயதில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பிரான்ஸ் மாப்பிள்ளை என்று தெருவே பேசிற்று. பிரான்ஸ் என்பது எனக்கு பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில், ஏழாவது மாடியில், இரண்டு அறை. வீட்டுக்காரர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், பேச்சுதான் குறைவு. ரொட்டிக்கடைக்காரியிடம்கூட வாய் திறக்க முடியாமல் ஆறு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொழி கற்றுக்கொள் என்று அவர்தான் நகராட்சி நடத்திய மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார்.

பதிவுச் சீட்டில் அறை எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று என்ற எண்ணை எழுதும்போது அதன் தலையிலிருந்து நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள். நம் கண்ணுக்கு அது ஏழு. ஒன்றாம் அறைக்குப் போக வேண்டியவள் ஏழாம் அறைக்குப் போனேன். உள்ளே ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சாக்ஸபோனில் கொஞ்ச நேரம் வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு அடுத்தவர் வாசிப்பார். மொழியை இங்கே இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது என்று அரை மணி நேரம் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது. எல்லோரும் பியானோவைக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்த பிரார்த்தனைப் பாட்டை வாசித்தேன். நடுவில் ஓர் இடம் மறந்துவிட்டது. நிறுத்த வெட்கமாக இருந்ததால் கைக்கு வந்ததைப் போட்டு நிரப்பிக்கொண்டே போனேன். அந்த இடத்தில்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வகுப்பை நடத்தியவர் ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் எனக்கு விளங்கியது ஒரே சொல்: சொலோ, அதாவது தனி வாசிப்பு. அடுத்த வாரமும் ஏழாம் அறைக்கே போனேன், இந்தத் தடவை தெரிந்தே.

பிறகு வந்த முப்பத்தைந்து வருடத்தைச் சொல்ல அதிகம் இல்லை. உணவகங்களில் வாசித்தேன். கல்யாணங்களில் வாசித்தேன். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு மதுக்கடையில் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தேன். கேட்டவர்களைவிடச் சாப்பிட்டவர்கள் அதிகம். நகராட்சி இசைப் பள்ளியில் ஆசிரியை ஆனேன். அந்த ஊரில் புதன்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் இசைப் பள்ளிக்காரர்களுக்குப் புதன்கிழமைதான் பாடு அதிகம். காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை அரை மணிக்கு ஒரு பிள்ளை வரும், ஒரே தப்பைப் பத்து விதமாகச் செய்யும். ஒரு பேஸ் கிடார்க்காரரோடும் ஒரு டிரம்ஸ்காரரோடும் சேர்ந்து ஒரு இசைத்தட்டு போட்டோம். அது எங்கள் மூன்று பேர் வீட்டு அலமாரியிலும் பத்திரமாக இருக்கிறது. நான் பேர் வாங்கினவள் இல்லை. நன்றாக வாசிப்பேன், அவ்வளவுதான். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல வருடம் ஆயிற்று.

முதல் தடவை மேடை ஏறி வாசித்த மறுநாள், ஊருக்கு டெலிபோன் செய்தேன். அப்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் பேசுவது ஒரு சடங்கு, கத்திப் பேச வேண்டும்.

"எழுதி வச்சத வாசிக்கிறது இல்லம்மா. அப்பப்ப மனசுல வர்றத வாசிக்கிறது" என்று கத்தினேன்.

அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "அப்ப சும்மா வாசிக்கிறன்னு சொல்லு" என்றார்.

டெலிபோனை வைத்துவிட்டேன். அப்படி ஒரு கோபம். அஞ்சு வருடம் நாள் முழுக்கப் பழகி, விரல் நுனி மரத்துப்போய், நூறு பாட்டுகளின் கார்டுகளைத் தூக்கத்திலும் சொல்கிற அளவுக்கு மனப்பாடம் செய்து நான் அடைந்த இடத்துக்கு என் தாய் வைத்த பேர் சும்மா. அதற்குப் பிறகு அம்மாவிடம் சங்கீதத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. சமைத்தாயா, பனி பெய்கிறதா, அவ்வளவுதான். நான் செய்கிற வேலைக்கு அந்தச் சொல்லை என் வாயால் ஒரு நாளும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். முடிவை முப்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றினேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். மகள் அங்கேயே தெற்குப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறாள். அம்மாவின் தலத்தெரு வீட்டை விற்றுவிட்டு வரலாம் என்று வந்தேன். பார்க்க வந்தவர்கள் அடுக்களை தப்பான திசையில் இருக்கிறது என்றார்கள், பின்பக்கம் தண்ணீர் தேங்கும் என்றார்கள். விற்கவில்லை. திரும்பிப் போவதென்றால் மறுபடி பெட்டி கட்ட வேண்டும். அந்த அலுப்பிலேயே நாலு வருடம் ஓடிவிட்டது. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு நிஜப் பியானோவின் கம்பிகள் தாங்காது என்பதால் ஒரு மின்சாரப் பியானோ வாங்கிப் போட்டேன். தெருவில் சத்தம் கேட்டு இரண்டு தாய்மார்கள் வந்தார்கள், பிறகு பத்துப் பேர் வந்தார்கள். வெளிநாட்டு இசைக் கழகம் ஒன்று கிரேடு கிரேடாக நடத்தும் தேர்வைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள்: "கிரேடு ஒண்ணு எப்பங்க முடியும்?" பிள்ளைக்கு நாலு சுரம் காதில் விழுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மணிக்கட்டு வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு, பத்துப் பிள்ளைகளும் ஒரே பாட்டைக் கொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். கருக்களாச்சேரிக்காரி, நாற்பத்தொரு வயது. வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலைக்குச் சேர்ந்தவள். பாட்டு டீச்சர் நின்றுபோனபோது, நல்ல குரல் இருக்கிறது என்று அவளைப் பிடித்து அந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள். எட்டு வருடமாகப் பிரார்த்தனைப் பாட்டு, ஆண்டு விழா எல்லாம் அவள்தான். ஆர்மோனியம் தானாகக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"இப்ப புதுசா ரூல் போட்டுட்டாங்க டீச்சர். பாட்டு டீச்சருக்கு அஞ்சாவது கிரேடாவது இருக்கணுமாம். அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள சர்டிபிகேட் காட்டலன்னா வேற ஆள் போட்டுக்குவாங்களாம்."

"அலுவலகத்துக்கே திரும்பிப் போயிடலாமே?"

"அந்த எடத்துல ஆள் வந்து ஆறு வருஷமாச்சு டீச்சர். தடைக்காலத்துல எங்க வீடு ஓடுறதே என் சம்பளத்துலதான்."

தடைக்காலம் என்றால் சித்திரையிலிருந்து இரண்டு மாதம். மீன் குஞ்சு பொரிக்கிற பருவம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். முதல் மாதம் வாங்க, உட்காருங்க என்றேன். மூன்றாம் மாதம் அது வா, உட்கார் என்று ஆகிவிட்டது.

இங்கே நான் செய்த முதல் தப்பு இருக்கிறது. அந்தத் தேர்வுக்கு இரண்டு பாடத்திட்டங்கள் உண்டு. ஒன்றில் எழுதியிருப்பதை ஒழுங்காக வாசித்தால் போதும். இன்னொன்று ஜாஸ். அதில் ஒரு பகுதி, கொடுத்த கார்டுகளின் மேல் சொந்தமாக வாசிப்பது. எது பாதுகாப்பானது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவளை ஜாஸில் சேர்த்தேன். இன்னொன்று இருக்கிறது என்று அவளிடம் சொல்லவே இல்லை. அவள் பாட்டில் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருகிற ஒரு இழுப்பு தானாகவே இருக்கிறது, அவளுக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நாலு வருடமாக கிரேடு ஒன்று, கிரேடு இரண்டு என்று அலுத்துப்போய், இந்த ஊரில் ஒரே ஒரு ஆளிடமாவது என் சங்கீதத்தை இறக்கி வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது, எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

சனி, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வருவாள். அந்த நேரத்தில் நான் அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பேன். டீ குடிக்காமல் எனக்குக் காது திறக்காது. "சும்மா வாசிச்சிக்கிட்டிரு, டீ போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போவேன். அதாவது கையைச் சூடாக்கிக்கொள் என்று அர்த்தம். அவள் ஐந்து விரலாலும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வாசித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இரண்டு தம்ளர்களோடு நான் வந்து உட்கார்ந்த பிறகுதான் வகுப்பு. சொந்தமாக வாசிக்க வேண்டிய இடம் வந்தால் "இப்ப சொலோ" என்பேன். கற்பனை என்று ஒரு நல்ல சொல் தமிழில் இருந்தது. எனக்கு அது கச்சேரிக்காரர்களின் சொல்லாகப் பட்டது. சும்மா என்பதோ என் வாயில் வராத சொல். வந்தாலும் டீ போடுகிற நேரத்துக்கு மட்டும் வரும். இப்படி ஒரு வருடம் போலப் பழக்கினேன். சும்மா என்றால் கணக்கில் இல்லாதது, சொலோ என்றால் நிஜம்.

ஆறு மாதம் வரை அவள் சொலோ என்றால் வியர்த்துப்போவாள். "என்ன வாசிக்கிறதுன்னு தெரியல டீச்சர். தப்பா போயிடுமோன்னு இருக்கு" என்பாள். எட்டாவது மாதம் ஒரு ஞாயிறு, மூன்று சுரம் வாசித்துவிட்டு நிறுத்தினாள். பயந்து நிறுத்தவில்லை. யோசித்து நிறுத்தினாள். பிறகு அதே மூன்றையும் கொஞ்சம் பிந்தி, கடைசியை மட்டும் மாற்றி வாசித்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ புதன்கிழமைகளில் எத்தனையோ பிள்ளைகளிடம் நான் காத்திருந்து கிடைக்காத இடம் அது. அன்று அவள் போன பிறகு நெடுநேரம் நானே வாசித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மணிக்கட்டு வலி நினைவுக்கு வரவில்லை.

தேர்வு மே மாதம், நாகப்பட்டினத்தில். துணைக்கு நானும் போனேன். திருமலைராயன்பட்டினம் தாண்டும்வரை பேருந்தில் உட்கார இடம் இல்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, இன்னொரு கையின் விரல்களால் கைப்பையின் மேல் வாசித்துக்கொண்டு வந்தாள். தடைக்காலம், அவள் வீட்டுக்காரர் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருந்தார். தேர்வு அறைக்குள் ஆசிரியர்களை விடமாட்டார்கள். வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நல்லா பண்ணிட்டேன் டீச்சர். சார் நல்ல மாதிரி. நான் இங்கிலீஷ்ல தடுமாறுறதப் பாத்துட்டு தமிழ்லயே பேசினாரு."

வாசலில் கரும்புச்சாறு குடித்தோம். "சொலோ எப்படிப் போச்சு?" என்று கேட்டேன்.

"அத அவரு கேக்கவே இல்ல டீச்சர்."

"கேக்காம இருக்க மாட்டாங்களே?"

"இல்ல டீச்சர். மூணு பாட்டு வாசிச்சேன். ஸ்கேல் கேட்டாரு. காதுக்குக் கேள்வி கேட்டாரு. கடைசில ஒரு கார்டு தாளக் குடுத்து, ‘இத வச்சிக்கிட்டு சும்மா ஒரு ரவுண்டு வாசிங்க பாப்போம்’னாரு. சரி, சொலோவுக்கு முன்னாடி கையச் சூடாக்கிக்கச் சொல்றாருன்னு நெனச்சிக்கிட்டேன். ஏறி எறங்கி வாசிச்சிட்டு கைய மடியில வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். ‘அவ்வளவுதானா?’ன்னாரு. ‘அவ்வளவுதான் சார்’னேன். அப்புறம் சொலோ கேப்பாருன்னு பாத்தா, நன்றின்னு சொல்லிட்டாரு."

கரும்புச்சாற்றை வண்டிப் பலகையில் வைத்துவிட்டேன். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அந்த மனிதர் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். பயப்படாதே, மனதில் வருவதை வாசி என்பதை ஒரு தமிழர் வேறு எப்படிச் சொல்வார்? சும்மா வாசி என்றுதான் சொல்வார். என் அம்மா சொன்னதும் அதே பொருளில்தான். அவளிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

மறுநாளே தேர்வு நடத்துபவர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு சொல்லால் வந்த குழப்பம், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி கேளுங்கள் என்று கெஞ்சினேன். அறைக்குள் கேட்டதுதான் கணக்கு என்று பணிவாகப் பதில் வந்தது. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். அந்த ஒரு பகுதியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கொஞ்சத்தில் போயிற்று.

போனில் முடிவைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் சொன்னேன். அவர் கேட்டது சொலோவைத்தான் என்று சொன்னேன். என் அம்மாவின் டெலிபோன் கதையைச் சொன்னேன். அந்தக் கோபத்தில் ஒரு நல்ல சொல்லைப் பிடுங்கி டீ போடுகிற நேரத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்றும், தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொன்னேன்.

"உங்க அம்மா சரியாத்தானே டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள்.

ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை மறைக்க முடியவில்லை. இன்னொரு பாடத்திட்டம் இருந்தது, அதில் இந்தப் பகுதியே கிடையாது என்பதையும் சொன்னேன்.

"அப்ப ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

நான் பியானோவின் மேல் கிடந்த நோட்டுகளை அடுக்கினேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று டீ குடிக்கவில்லை. தப்பான அறைக்குள் போனதால் எனக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது. சரியான அறைக்குள் போய் உட்கார்ந்த அவளுக்கு என்னால் இருந்த வேலையும் போயிற்று. இதை எத்தனை தடவை எழுதினாலும் லேசாக ஆகவில்லை.

ஜூன் முதல் வாரம் அவள் பள்ளிக்கு நானே போனேன். என் முப்பத்தைந்து வருடத்தையும் எடுத்துச் சொன்னேன். நிர்வாகத்தில் ஒருவர் மரியாதையாகத் தண்ணீர் கொடுத்தார். "ரூல் ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணுங்க மேடம்" என்றார். பள்ளி திறந்தபோது வேறு ஆள் வந்திருந்தார். அவள் ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். ஆனியில் எங்கள் ஊர் மாங்கனித் திருவிழா வந்தது, போயிற்று. நான் பிள்ளைகளை ஒவ்வொருவராக வேறு டீச்சரிடம் அனுப்பிவிட்டேன். உடம்பு முடியவில்லை என்று சொன்னேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பியானோவின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். கற்றுக்கொடுத்தது போதும், இனி யாரும் என் பேச்சை நம்பி எதையும் தொலைக்க வேண்டாம் என்று இருந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மூன்று மணிக்கு, கதவு தட்டும் சத்தம். அவள்தான். செருப்பைக் கழற்றியபோது பாதம் வீங்கியிருந்தது தெரிந்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும், முக்காலிகூடக் கிடையாதாம்.

"டிசம்பர்ல மறுபடி எழுதலாம். சாதா சிலபஸ். கண்ண மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணிடுவே" என்றேன்.

"வேணாம் டீச்சர். அங்கதான் ஆள் போட்டுட்டாங்களே."

"அப்ப எதுக்கும்மா வந்தே?"

"சும்மாதான்."

குத்திக் காட்டவில்லை. யார் வீட்டுக்காவது காரணம் இல்லாமல் போனால் நாம் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சிவந்தது. அவள் பியானோவைப் பார்த்தாள், போர்வையை எடுத்து நாலாக மடித்து நாற்காலியில் வைத்தாள், சுவிட்சைப் போட்டாள், உட்கார்ந்தாள். வீங்கிய பாதத்தைத் தரையின் குளிர்ச்சியில் பதித்துக்கொண்டாள்.

எனக்குக் கண் எரிந்தது. அடுக்களைக்குத் தப்பித்துப் போகத்தான் எழுந்தேன். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சும்மா வாசிச்சிக்கிட்டிரு, டீ போட்டுட்டு வந்துடறேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த சும்மா டீச்சர்?"

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு தடவை அதைத் தப்பாக எடுத்து வேலையைத் தொலைத்தவள், இந்தத் தடவை சரியாகக் கேட்டுக்கொள்ள நினைத்தாள். அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கிற வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது.

"எங்க அம்மா சொன்னது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். கையை வைத்தாள். முதலில் ஒரு கட்டை தப்பாக விழுந்தது. நிறுத்தவில்லை, அதையே இன்னொரு தடவை வாசித்து வேண்டுமென்றே வாசித்ததாக ஆக்கிக்கொண்டு மேலே போனாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டீ போடப் போகவில்லை.